டெல்லிக்குப் படிக்கப் போகிறீர்களா? முதல் பத்து நாள் வேலைகள், வரிசைப்படி

டெல்லிக்கு வந்த இரண்டாம் நாளே ஒரு பிஜியில் (சாப்பாட்டோடு வாடகைக்கு விடும் 'பேயிங் கெஸ்ட்' அறை) முன்பணம் கட்டினேன். மூன்றாம் நாள் மெத்தை, வாளி, இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் வாங்கிக் குவித்தேன். நான்காம் நாள் கல்லூரியில் என் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இது மாநில அரசுச் சான்றிதழ், எங்களுக்கு இது வேண்டாம்" என்றார்கள். ஐந்தாம் நாள், பிஜியில் இண்டக்ஷன் அடுப்புக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தது. மூன்று வாரம் கழித்து விடுதியில் இடம் கிடைத்தது. ஆனால் பிஜியில் மூன்று மாதத்துக்குள் காலி செய்தால் முன்பணம் திரும்பாது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பணம் போனது போனதுதான்.

செய்த வேலை எல்லாமே செய்ய வேண்டிய வேலைதான். வரிசையைத்தான் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். டெல்லிப் பல்கலைக்கழகம், ஜேஎன்யு, ஜாமியா என்று எங்கே இடம் கிடைத்திருந்தாலும் கீழே உள்ள வரிசை பெரும்பாலும் பொருந்தும்.

1. கிளம்பும் முன்: காகிதங்கள்

இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். டெல்லியிலிருந்து இதைச் சரிசெய்ய முடியாது. அப்பாவோ அம்மாவோதான் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

முதலில் சாதிச் சான்றிதழ். நம்மிடம் பள்ளிக் காலத்திலிருந்து இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநில அரசின் தேவைக்கானது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஓபிசி இடஒதுக்கீடு கேட்பவர்கள், மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவு) வரவில்லை என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழை வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டு விஷயத்தைப் பாருங்கள். உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா? மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கேயும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அடுத்தது தேதி. சேரும் ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் தொல்லை இல்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சான்றிதழும் அப்படித்தான், அந்த நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும்.

அடுத்த கண்ணி நம் இனிஷியல். வடக்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று இடத்தில் மாட்டுவீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதான் அடிப்படை. ஆதாரை அதற்கேற்பத் திருத்திவிட்டு ரயில் ஏறுங்கள். ஆதாரில் இணைத்திருக்கும் கைபேசி எண்ணும் இப்போது உங்கள் கையில் இருப்பதாக இருக்கட்டும். ஓடிபி ஊரில் அப்பாவின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அவரை எழுப்ப வேண்டும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், கேட்டால் கொடுக்க இடப்பெயர்வுச் சான்றிதழ், மேற்படிப்பு என்றால் பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், ஆதார், க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண் அட்டை, சேர்க்கைக் கட்டண ரசீது. ஒவ்வொன்றிலும் ஐந்து நகல். பாஸ்போர்ட் அளவுப் படம் இருபது. இருபதா என்று சிரிக்காதீர்கள், எனக்குப் போதவில்லை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒன்று, டிஜிலாக்கரில் ஒன்று என வைத்துவிடுங்கள். அசல்களைத் துணிப் பெட்டியில் போடாமல், ரயிலில் தலைக்கு வைத்துப் படுக்கும் பையில் போடுங்கள்.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியையும் வீட்டிலேயே முடித்துவிடலாம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்தில் நிரப்பினால் மின்னஞ்சலில் பதிவு எண் வரும். பெற்றோர் விவரமும் கேட்பார்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்வது எளிது.

2. பணக் கணக்கு

வாடகை மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வாடகை 10,000. முன்பணம் இன்னொரு மாதத்துக்கு 10,000, சிலர் இரண்டு மாதம் கேட்பார்கள். தரகர் வழியாகப் போனால் அரை மாதத்திலிருந்து ஒரு மாத வாடகை வரை அவருக்கு. அதாவது தரகரோடு சேர்த்து, அறைக்குள் கால் வைப்பதற்கே 25,000 முதல் 40,000 வரை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பார்த்தவர்களுக்கு இது பரவாயில்லை என்று தோன்றும். அதற்கு மேல் மெத்தை, போர்வை, வாளி, பூட்டு என்று ஐந்தாயிரமாவது ஆகும்.

புதிய வங்கிக் கணக்கு தேவையில்லை. ஊரில் இருக்கும் கணக்கே போதும், சிம் கார்டும் அதுவே போதும். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் புதுப் போன் வாங்காதீர்கள். புதுப் போனில் யுபிஐ போட்டால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் அளவில்தான் அனுப்ப விடும். முன்பணம் கட்டும் நாளில் இது தெரியவந்தால் அழுகை வரும். சில்லறை நோட்டாக 2,000 ரூபாய் கையில் இருக்கட்டும்.

3. எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம்

'டெல்லி' என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டேஷன்கள் உண்டு. நியூ டெல்லி வேறு, பழைய டெல்லி வேறு, ஹஸ்ரத் நிஜாமுதீன் வேறு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நியூ டெல்லிக்கு வருகிறது. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனில் நிற்கிறது. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, அழைக்க வருபவர்களுக்குச் சரியான பெயரைச் சொல்லுங்கள்.

நியூ டெல்லி ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கம். முதலாம் பிளாட்பாரத்துப் பக்கம் பஹார்கஞ்ச், பதினாறாம் பிளாட்பாரத்துப் பக்கம் அஜ்மீரி கேட். மெட்ரோ அஜ்மீரி கேட் பக்கம் இருக்கிறது. பஹார்கஞ்ச் பக்கம் வெளியே வந்தால், கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர்கள் "டிக்கெட் செல்லாது", "அந்த ரோடு மூடியிருக்கிறது", "நான் சொல்லும் ஆபீசுக்கு வாருங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். நின்று பதில் சொல்லாதீர்கள். நடந்துகொண்டே இருங்கள்.

பெட்டி படுக்கையோடு மெட்ரோவில் போகலாம், ஆனால் ஒரு பைக்கு 25 கிலோதான் வரம்பு. எக்ஸ்ரே எந்திரத்துக்குள் நுழையாத மூட்டையை விடமாட்டார்கள். என்னிடம் இரண்டு பெட்டி, ஒரு அரிசிப் பை. ஆமாம், அரிசி. அம்மா கொடுத்தது. ப்ரீபெய்ட் ஆட்டோ கவுண்டரில் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். அந்தச் சீட்டை இறங்கிய பிறகுதான் ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும், முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள்.

விமானத்தில் வருபவர்கள்: மூன்றாம் டெர்மினலிலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ சுமார் 20 நிமிடத்தில் நியூ டெல்லி ஸ்டேஷனில் விடும். முதலாம் டெர்மினல் என்றால் மெஜந்தா லைன்.

4. முதல் மூன்று நாள்: எங்கேயாவது தங்குங்கள், எதையும் வாங்காதீர்கள்

தெரிந்த சீனியர் அறை, உறவினர் வீடு, கல்லூரி விருந்தினர் விடுதி, நாள் வாடகை அறை, எதுவானாலும் சரி. மூன்று நாளுக்கு 3,000 ரூபாய் செலவானாலும் அது வீணில்லை. அவசரத்தில் பிடித்த அறையில் நான் இழந்தது அதைவிடப் பல மடங்கு. சீனியர்களைப் பிடிப்பது கடினமில்லை. ஏறக்குறைய எல்லா வளாகத்திலும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கும். சேர்க்கை உறுதியானதும் கேட்டு உள்ளே நுழைந்துவிடுங்கள்.

5. அறைக்கு முன் கல்லூரி

அறை தேடும் முன் கல்லூரிக்குப் போய் மூன்று காரியம் முடியுங்கள்.

சான்றிதழ் சரிபார்ப்பு முதலாவது. ஏதாவது குறை என்றால் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். எனக்குப் பதினைந்து நாள் கொடுத்தார்கள். அந்தப் பதினைந்து நாளில் அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை போய் வந்தார்.

இரண்டாவது விடுதி. விடுதிப் பட்டியல் சேர்க்கையோடு வராது, சில வாரம் கழித்து வரும். இரண்டாம் பட்டியலும் வரலாம். விண்ணப்பத்தின் கடைசித் தேதி எது, பட்டியல் எப்போது, வெளிமாநில மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்று அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். இந்தத் தேதி தெரியாமல் எந்த பிஜியிலும் மூன்று மாத, ஆறு மாதக் கட்டுப்பாட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது அடையாள அட்டையும் மாணவர் என்பதற்கான போனஃபைடு சான்றிதழும். பஸ் பாஸ், ரயில் சலுகை, ஊரில் கல்விக்கடன் எல்லாவற்றுக்கும் போனஃபைடு கேட்பார்கள். ஒரே தடவையில் மூன்று பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

6. அறை தேடுதல்

வடக்கு வளாகம் என்றால் கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், முகர்ஜி நகர். மெட்ரோ விஸ்வவித்யாலயா அல்லது ஜிடிபி நகர், மஞ்சள் லைன். தெற்கு வளாகத்துக்குச் சத்ய நிகேதன். ஜேஎன்யு, ஐஐடி பக்கம் முனிர்கா, பேர் சராய், கட்வாரியா சராய். யுபிஎஸ்சி பயிற்சிக்கு வருபவர்கள் ஓல்டு ராஜிந்தர் நகர், கரோல் பாக்.

முனிர்கா, கட்வாரியா சராய் போன்றவை நகரத்துக்குள் சிக்கிக்கொண்ட பழைய கிராமங்கள். வாடகை குறைவு. சந்து அத்தனை குறுகல், எதிர் வீட்டு ஜன்னலில் கை நீட்டி டீ வாங்கலாம். பகலில் விளக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கும். தனியாக அறை எடுக்கப் போகிறீர்கள் என்றால் மதியம் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். பெண்களுக்கு இந்த இரவுப் பார்வை இன்னும் முக்கியம். மெட்ரோவிலிருந்து அறை வரை வெளிச்சம் இருக்கிறதா என்பது பகலில் தெரியாது.

எடுக்கவே கூடாத அறை ஒன்று உண்டு, அடித்தள அறை. பேஸ்மெண்ட் என்று சொல்லி வாடகையில் பாதி குறைப்பார்கள். 2024 ஜூலை 27 அன்று ஓல்டு ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழை வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். குடியிருக்கவோ படிக்கவோ அது இடமில்லை. அதே மாதிரி, மொட்டை மாடி அறை, இங்கே பர்சாத்தி என்பார்கள், ஆகஸ்டில் வந்து பார்க்கும்போது காற்றோட்டமாகத் தெரியும். மே மாதத்தில் அது அடுப்பு.

பிஜியா, நண்பர்களோடு ஃப்ளாட்டா? முதல் ஆறு மாதம் பிஜி என்பதே என் கட்சி. சாப்பாடு, தண்ணீர், வைஃபை, சுத்தம் செய்யும் ஆள் என்று நான்கு தலைவலி குறையும். ஃப்ளாட் எடுக்க நல்ல கூட்டாளிகள் வேண்டும், அவர்களைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆகும். பிஜியில் கேட்க வேண்டியவை: இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஏசிக்குத் தனிக் காசா, விடுமுறையில் ஊருக்குப் போனால் முழு வாடகையா, அறையில் சமைக்கலாமா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்கு ஓர் அடுப்பு மிச்சமாகியிருக்கும்.

படத்தை மட்டும் பார்த்து, ஊரில் இருந்துகொண்டே 'இடம் பிடிக்க' என்று பணம் அனுப்பாதீர்கள். "இன்றே கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று சொல்லும் அறை போகட்டும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம்தான், ஆனாலும் அறை கிடைக்காமல் யாரும் தெருவில் நின்று நான் பார்த்ததில்லை.

7. ஒப்பந்தம், கரண்ட் கணக்கு, போலீஸ்

வாடகை ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதத்துக்கு எழுதுவார்கள், ஓராண்டுக்கு மேல் எழுதினால் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால். அதில் முன்பணத் தொகை, அது எத்தனை நாளில் திரும்பும், மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மின்சாரத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை வீடுகளுக்கு மின்கட்டணம் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. நமக்குத் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்குவார்கள். பேசிக் குறைக்கலாம், ஆனால் குடியேறும் முன். குடியேறிய அன்று மீட்டர் எண்ணைப் படம் எடுத்து உரிமையாளருக்கே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். சுவர் விரிசல், உடைந்த குழாய், கறை பிடித்த மெத்தை எல்லாவற்றையும் அதே போல. காலி செய்யும்போது "இதை நீதான் உடைத்தாய்" என்பதற்கு இதுதான் பதில். முன்பணத்தை யுபிஐயில் கட்டுங்கள், குறிப்பில் 'முன்பணம்' என்று எழுதுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் வாடகைதாரர் சரிபார்ப்பு. இதை உரிமையாளர் டெல்லி போலீஸ் தளத்திலோ அந்தப் பகுதி தாணாவிலோ பதிவு செய்ய வேண்டும். போலீஸ் ஸ்டேஷனை இங்கே தாணா என்றுதான் சொல்வார்கள். உங்கள் படம், அடையாள அட்டை நகல், ஊர் முகவரி கேட்பார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. 'போலீஸ் செலவு' என்று உரிமையாளர் ஐநூறு கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு மாறும்.

ஆதார் முகவரியை டெல்லிக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம். தமிழ்நாட்டு உதவித்தொகை எதற்காவது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் ஊர் முகவரியே இருக்கட்டும்.

8. போக்குவரத்து

மெட்ரோ ஸ்மார்ட் கார்டு முதல் நாளே வாங்குங்கள். 150 ரூபாய், அதில் 50 திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை. ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. காலை எட்டுக்கு முன், மதியம் 12 முதல் 5 வரை, இரவு 9-க்குப் பிறகு என்றால் இன்னொரு 10. 2025 ஆகஸ்டில் கட்டணம் உயர்ந்து இப்போது 11 ரூபாயிலிருந்து 64 ரூபாய் வரை. மெட்ரோவில் மாணவர் சலுகை இல்லை. அதனால் தினமும் இரண்டு முறை தூரம் போக வேண்டியவர்கள், வாடகை குறைவு என்று தள்ளி அறை எடுக்கும் முன் இந்தக் கணக்கையும் போடுங்கள். ஒரு பக்கம் 43 ரூபாய் என்றால், 10 சதவீதத் தள்ளுபடி போகவும் 25 நாளுக்கு 2,000 ரூபாயை நெருங்குகிறது. பஸ்ஸுக்கு மாணவர் பாஸ் உண்டு, விலை மிகக் குறைவு, போனஃபைடு வேண்டும்.

மெட்ரோவில் வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. தெரியாமல் ஏறி நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குப் புரிய இரண்டு ஸ்டேஷன் ஆனது.

ஆட்டோ மீட்டர் முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11. இரவு 11 முதல் காலை 5 வரை 25 சதவீதம் கூடுதல். "பையா, மீட்டர் ஸே சலோகே?" (அண்ணா, மீட்டர் போட்டு வருவீர்களா?) என்று கேளுங்கள். பாதிப் பேர் மாட்டேன் என்பார்கள். ஆனாலும் கேட்ட பிறகு பேரம் வேறு இடத்திலிருந்து ஆரம்பமாகும். மெட்ரோவிலிருந்து அறை வரை பகிர்ந்து போகும் பேட்டரி ரிக்ஷா போதும், பத்து இருபது ரூபாய்.

9. சாப்பாடும் தண்ணீரும்

பிஜியில் ரொட்டி, பருப்பு, ராஜ்மா என்று ஓடும். முதல் வாரம் வயிறு முரண்டு பிடிக்கும், இரண்டாம் வாரம் பழகிவிடும். அதற்காக ஊரிலிருந்து அரிசி சுமந்து வராதீர்கள், இங்கே பொன்னி அரிசியும் கிடைக்கிறது. ஐஎன்ஏ மார்க்கெட்டிலும் முனிர்காவிலும் நம் ஊர் மளிகை வாங்கலாம். வாரச் சந்தை ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு நாள் கூடும், புதன் என்றால் புத் பஜார், திங்கள் என்றால் சோம் பஜார். வாளி, ஹேங்கர், காய்கறி எல்லாம் அங்கே மலிவு. ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் என்று சொல்லும் முருகன் கோயிலும் டெல்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். சுற்றிலும் தமிழ் கேட்டால் உடம்பு லேசாகிவிடும்.

ஃப்ளாட் எடுத்துச் சமைப்பவர்களுக்கு, முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இந்தியன் ஆயில் 'சோட்டு' என்று விற்கிறது. தெருவில் கள்ளத்தனமாக நிரப்பித் தரும் சிலிண்டர் பக்கம் போகாதீர்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பிஜியில் ஆர்ஓ எந்திரம் இருந்தால் கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதியைக் கேளுங்கள். மழைக்காலம் முடியும் நேரத்தில் டெங்கு வரும்; கொசுவலை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் இறங்கவில்லை என்றால் மாத்திரையில் ஓட்டாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவசரத்துக்கு 112. ராகிங் என்றால் 1800-180-5522.

10. குளிருக்கு

ஆகஸ்டில் வந்தவுடன் ஸ்வெட்டர் வாங்காதீர்கள், ஊரிலிருந்தும் கொண்டுவராதீர்கள். நம் ஊர்க் கடை ஸ்வெட்டர் டெல்லி ஜனவரிக்கு உள்ளாடை மாதிரி. அக்டோபர் கடைசியில் சரோஜினி நகர் (திங்கள் விடுமுறை) அல்லது கஷ்மீரி கேட் பக்கத்து மொனாஸ்டரி மார்க்கெட் போய் வாங்குங்கள். ரஜாய் என்ற பஞ்சு மெத்தைப் போர்வை ஒன்று கட்டாயம். நவம்பரில் புகை வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரையும் ஊர் மருத்துவரின் சீட்டையும் இப்போதே பையில் போடுங்கள்.

ஒன்றே ஒன்று: மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்காதீர்கள், காற்று வராத குளியலறையில் கேஸ் கீசர் போடாதீர்கள். இரண்டிலும் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

11. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்

இதையும் முதல் பத்து நாளிலேயே செய்ய வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. கல்லூரி விடுமுறைப் பட்டியலை வாங்கி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அறுபது நாள் பின்னால் எண்ணி, போனில் அலாரம் வையுங்கள். திறந்த சில நிமிடத்தில் ஸ்லீப்பர் காலியாகிவிடும்.

விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் மாணவர்களுக்கு ஸ்லீப்பரில் 50 சதவீதச் சலுகை உண்டு, எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 75. வயது வரம்பு இருக்கிறது, பொதுப் பிரிவுக்கு 25. கல்லூரியில் ரயில் சலுகைப் படிவம் வாங்கி, முத்திரை போட்டு, முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும். ஆன்லைனில் இந்தச் சலுகை வராது. படிவம் கையெழுத்தாக என் கல்லூரியில் நான்கு நாள் எடுத்தது. அதனால் அலாரத்தை அறுபதாம் நாளுக்கு வைக்காமல், அதற்கு ஒரு வாரம் முன்னால் வைத்து, படிவத்துக்கு அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். பொங்கலுக்குப் போகிறீர்கள் என்றால் போகிக்கு முந்தின நாளாவது வீடு சேரும்படி டிக்கெட் போடுங்கள்.